பிரஷர் பார்க்க வரும்போது இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையின் அமைச்சர், செயலாளர், பொது சுகாதார இயக்குநர் ஆகியோருக்கு வணக்கம்.

மருத்துவமும் செவிலியமும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்தவள் நான். உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர் ஒரு பெண்ணின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றும்போது, அவர் வைத்திருக்கும் பதிவேட்டில் மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். மாதவிடாய் நின்றுவிட்டதா, எந்த வயதில்? தானாக நின்றதா, ஆபரேஷனாலா? ஆபரேஷன் என்றால், கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்களா?

எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் பொறுப்பானவர், வெயில் மழை பார்க்காதவர். ஆனால் இவற்றை அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. சர்க்கரை இருக்கிறதா, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பதோடு பேச்சு முடிகிறது. மகப்பேறு சம்பந்தப்பட்ட கேள்விகள் ஒரு நோட்டில், இதயம் சம்பந்தப்பட்டவை இன்னொரு நோட்டில் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். உடம்புக்குள் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அதை விளக்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடலியங்கியல் ஆய்வகத்தில் ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு மாணவரை உட்காரவைத்து, ரத்த அழுத்தத்தையும் நாடியையும் குறித்துக்கொண்டு, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வோம். தடுமாறினால் "தப்பு, மறுபடி முதலிலிருந்து" என்போம். அந்த மாணவர் ஓடவில்லை, எதையும் தூக்கவில்லை, நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஆனாலும் நாடி ஏறும், அழுத்தம் ஏறும், உள்ளங்கை வியர்க்கும். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் இதையே ஒரு முறையான சோதனையாக ஆக்கினார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத சிலர் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடம் 1022-லிருந்து 13, 13 ஆகக் கழிக்க வேண்டும். மன அழுத்தத்தை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்க இன்றும் உலகெங்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்தச் சோதனையில் உடம்புக்குள் நடப்பது என்ன? ஆபத்து நேரத்தில் உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது, நரம்பு நுனிகள் நார்அட்ரினலினை விடுகின்றன, சற்றுப் பொறுத்து கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் ஏறுகிறது. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது, சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மாமியார் சொன்ன ஒரு சொல், கடன்காரர் வாசலில் நிற்பது, மகன் இன்னும் வீடு திரும்பாதது என எல்லாவற்றுக்கும் உடம்பு இப்படித்தான் பதில் சொல்கிறது. பதில் சொல்வது தப்பில்லை. எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது, ஒரு நாளில் எத்தனை முறை ஏறுகிறது என்பதுதான் இதயத்தின் கணக்கு.

இந்தக் கணக்கில், சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. அது கருத்தரிப்புக்கான ஹார்மோன் என்று மட்டுமே பள்ளியில் படித்தோம். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கின்றன, இதயத் தசையில் இருக்கின்றன, ரத்த அழுத்தத்தை ஆளும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. உட்சுவரில் அது நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தூண்டுகிறது. அந்த வாயு குழாயைத் தளர்த்துகிறது. அட்ரினலின் வகைப் பொருள்கள் ரத்தக் குழாயைச் சுருக்கவும் செய்யும், விரிக்கவும் செய்யும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும் இளம்பெண்ணின் உடலில் விரிக்கும் பக்கம் வலுவாக இருக்கிறது. மூளைப் பக்கத்தில் அது பரிவு நரம்புகளின் வேகத்தைக் குறைத்து, இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் கையை ஓங்கவைக்கிறது. ஆக, அதே அதிர்ச்சி, அதே கோபம், அதே பயம். ஈஸ்ட்ரோஜன் இருக்கும் உடலில் அழுத்தம் குறைவாக ஏறுகிறது, சீக்கிரம் இறங்குகிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருந்த பெண்களுக்கு எட்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து, முன்னும் பின்னும் மன அழுத்தச் சோதனை செய்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், மாத்திரைக்குப் பிறகு ரத்த அழுத்தத்தின் ஏற்றம் குறைந்தது. கார்டிசாலும் அட்ரினலினும் ஏறுவதும் குறைந்தது. சிறிய ஆய்வுதான். இந்தத் துறையில் எல்லா ஆய்வுகளும் ஒரே அளவில் ஒத்துப்போவதும் இல்லை. எந்த வகை ஹார்மோன், எந்த வயது, எந்த மாதிரி அழுத்தம் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறுகின்றன. ஆனால் மெல்போர்ன் ஆய்வு காட்டிய திசை, உட்சுவரைப் பற்றியும் நரம்பைப் பற்றியும் தனித்தனியாகத் தெரிந்திருப்பவற்றோடு பொருந்திப்போகிறது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொரு ஆய்வு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜே கப்லானும் அவருடைய சகாக்களும் நீண்டவால் குரங்குகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அந்தப் பெண் குரங்குகளுக்கும் நம்மைப் போலவே சுமார் 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும். கூட்டத்தில் அவற்றுக்குள் கறாரான படிநிலை உண்டு. மேல்படியில் இருப்பவை அதட்டும், கீழ்ப்படியில் இருப்பவை அடிவாங்கும், ஒதுங்கி உட்காரும், பேன் பார்க்கக்கூட அவற்றுக்குத் துணை கிடைக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே கொழுப்புச் சாப்பாடு. முடிவில் இதயத் தமனிகளைப் பார்த்தபோது, மேல்படிக் குரங்குகளின் தமனிகளில் கொழுப்புப் படிவு மிகக் குறைவு. கீழ்ப்படிக் குரங்குகளுக்கு அதிகம். எவ்வளவு அதிகம் என்றால், சினைப்பைகளை அகற்றிய குரங்குகளுக்கு இருந்த அளவு. சினைப்பையை எடுத்துவிட்டால் மேல்படியில் இருந்தும் பயன் இல்லை, அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

கீழ்ப்படிக் குரங்குகளின் சினைப்பைகளை யாரும் வெட்டவில்லை. ஓயாத பயமும் அவமானமுமே வெட்டிவிட்டன. கார்டிசால் ஏறியது, மூளை சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவுகள் குழம்பின, முட்டை வெளிவருவது தப்பியது, ஹார்மோன் குறைந்தது, தமனி அடைபடத் தொடங்கியது. அதாவது ஈஸ்ட்ரோஜன் மன அழுத்தத்திலிருந்து இதயத்தைக் காக்கிறது, அளவு மீறிய மன அழுத்தமோ ஈஸ்ட்ரோஜனையே குறைத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் இழப்பு. இது குரங்குக்கு மட்டும் உரியது என்று தள்ளிவிட முடியாது. நெஞ்சு வலிக்காக ஆஞ்சியோ செய்யப்பட்ட, இன்னும் மாதவிடாய் நிற்காத பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். தமனி நோய் இருந்த பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருந்தது. குறைபாட்டின் வேர் சினைப்பையில் இல்லை, அதற்கு உத்தரவு போடும் மூளைப் பகுதியில் இருந்தது.

நூற்பாலை விடுதிகளில் தங்கி மாறிமாறி ஷிப்ட் பார்க்கும் பெண் பிள்ளைகள் மாதவிடாய் மூன்று நான்கு மாதம் தள்ளிப்போவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகிப் போன வீட்டில் வாயைத் திறக்க முடியாத மருமகள்களும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கலாம், ரத்தசோகையும் இருக்கலாம். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கீழ்ப்படிக் குரங்குகள்தான் ஞாபகம் வரும். அப்படிப்பட்ட பெண்ணின் மாதவிடாய்ச் சிக்கலை "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைப்பது அவளுடைய இதயத்தைப் பார்க்காமல் அனுப்பிவைப்பதாகும்.

இதயம் ஏற்கெனவே பழுதுபட்ட பெண்களின் நிலை இன்னும் மோசம். அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் வயோலா வக்காரினோ என்ற ஆய்வாளரின் குழு, அண்மையில் மாரடைப்பு வந்து மீண்ட 60 வயது வரையிலான ஆண்களையும் பெண்களையும் மன அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி, இதயத்துக்குப் போகும் ரத்தத்தைப் படம் பிடித்தது. ஆண்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்தது. பெண்களில் 22 சதவீதம். ஓடும் பட்டையில் ஓடவிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனை இதைக் காட்டித்தரும் என்று நம்பி இருக்க முடியாது. பெண்களிடம் இந்தக் குறைவு நுண்குழாய்கள் சுருங்குவதோடு தொடர்புபட்டிருந்தது. நம் ஊரில் எத்தனை பெண்கள் "ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்!

அப்புறம், அதிர்ச்சியால் இதயம் திடீரெனத் தளரும் டகோட்சுபோ என்ற நோய். 1990-இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் முதலில் விவரிக்கப்பட்டது. சாவுச் செய்தி, பெரிய பயம், கடும் வாக்குவாதம், அல்லது உடம்புக்கு வந்த இன்னொரு பெரிய நோய் இவற்றுக்குப் பின் நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் வரும். ஈசிஜி மாரடைப்பு போலவே இருக்கும், இதயத் தசை பழுதுபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் ஏறியிருக்கும், தமனியில் அடைப்பு மட்டும் இருக்காது. இதயத்தின் கீழ்நுனி துடிக்காமல் பலூன் போல உப்பியிருக்கும். 2015-இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டில் 1,750 நோயாளிகள் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், சராசரி வயது சுமார் 67, அதாவது மாதவிடாய் நின்று வெகுகாலம் ஆனவர்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே நூற்றுக்கு நான்கு பேர் இறந்தார்கள். "அதிர்ச்சிதான், தானாகச் சரியாகும்" என்று விட்டுவிடக்கூடிய நோயல்ல. 2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபின் இந்த நோயோடு வந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். அதே ஜப்பானில் சினைப்பை அகற்றிய எலிகளை அசைய முடியாமல் கட்டிவைத்து அழுத்தம் கொடுத்தபோது அவற்றின் இதயம் தளர்ந்தது. ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு அந்தத் தளர்ச்சி குறைவாக இருந்தது.

இனி சினைப்பை ஆபரேஷனுக்கு வருகிறேன். நம் நாட்டில் மாதவிடாய் தானாக நிற்கும் வயது சராசரியாக 46, 47. மேலை நாடுகளில் 51. நம் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் குறைந்த உடலோடு கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறார்கள். அதற்கு மேல், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 35 வயதுக்கு முன்பே. பெரும்பாலான ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் வேலைக்கு விடுப்பு எடுத்தால் அபராதம் என்பதால் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்ட கொடுமை 2019-இல் வெளியே வந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்க ஒன்றிய அரசு 2022-இல் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் சினைப்பை தொடர்ந்து வேலை செய்யும், ஆனால் பலருக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் கதை வேறு. இயற்கையாக நிற்கும்போது ஹார்மோன் பல ஆண்டுகளில் படிப்படியாக இறங்கும். இங்கே சில நாட்களில் இறங்கிவிடும். அமெரிக்கச் செவிலியர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரைத் தொடர்ந்த ஆய்வு 1987-இல் சொன்னதை நான் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன். வயதையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்தபின், இயற்கையாக மாதவிடாய் நின்றவர்களுக்கு இதயத் தமனி நோய் குறிப்பிடும்படியாகக் கூடவில்லை. இரண்டு சினைப்பைகளையும் இழந்து, ஹார்மோனும் எடுக்காதவர்களுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே "நின்றுவிட்டதா" என்று மட்டும் கேட்டால் போதாது. எப்படி நின்றது என்பதில்தான் சேதி இருக்கிறது.

என் சித்தி மகளுக்கு 37 வயதில் கட்டி, அதிக ரத்தப்போக்கு. ஒரு தனியார் மருத்துவமனையில் "இனிமேல் குழந்தை வேண்டாமே, எடுத்துவிடலாம்" என்றார்கள், எடுத்தார்கள். 44 வயதில் அவளுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. வீட்டில் யாராவது குரலை உயர்த்தினாலே நெஞ்சு இறுகும், தாடை வலிக்கும், குப்பென்று வியர்க்கும். பார்த்தவர்கள் எல்லாம் டென்ஷன் என்றார்கள், தூக்க மாத்திரை எழுதினார்கள். "அக்கா, எனக்கு மனநோயா?" என்று என்னிடம் கேட்டாள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துவரச் சொன்னேன். அதில் "டிஏஹெச் வித் பிஎஸ்ஓ" என்று ஒரு வரி. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்பதற்கான மருத்துவச் சுருக்கம் அது. ஏழு ஆண்டுகளாக அவளுக்கோ அவள் கணவருக்கோ அது தெரியாது. தெரிந்திருந்தால் 38 வயதிலிருந்தே அவளுடைய ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சர்க்கரையையும் பார்த்துவந்திருக்கலாம், மகளிர் மருத்துவரிடம் ஹார்மோன் பற்றிப் பேசியிருக்கலாம். அவளைப் போன்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள் என்பது உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குத் தெரியும்.

எல்லாப் பெண்களுக்கும் இதயத்தைக் காக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆசையோடு அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரும் சோதனை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் ரத்தக்கட்டியும் கூடின, மாரடைப்பும் குறையவில்லை. அவர்களுடைய சராசரி வயது 63, மாதவிடாய் நின்று வெகுகாலம் ஆனவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே கொழுப்பு படிந்த தமனியில் ஈஸ்ட்ரோஜன் அதே நன்மையைச் செய்வதில்லை. ஆனால் 40 வயதுக்கு முன் சினைப்பையை இழந்தவரின் நிலை இதிலிருந்து முற்றிலும் வேறு. தடை எதுவும் இல்லாவிட்டால் இயற்கையாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதே உலக மருத்துவ அமைப்புகளின் பொதுவான பரிந்துரை. 2002 செய்தியைக் கேட்டுப் பயந்து, இவர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் கதவை மூடிவிட்டோம். அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பதிவேட்டில் மூன்று கேள்விகளைச் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பதில் கிடைத்தபின் செய்ய வேண்டியதும் பெரிதில்லை. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர், குறிப்பாகச் சினைப்பை எடுக்கப்பட்டவர், வயது குறைவு என்று விடப்படாமல் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரைப் பரிசோதனைக்கு வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தேவையானால் அவரை மகளிர் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கர்ப்பப்பை ஆபரேஷன் செய்யும் எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆணையிடுங்கள்.

2023-இல் நீங்கள் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவது பல உயிர்களைக் காக்கும் ஏற்பாடு. அதன் பயிற்சியில் ஒரு பகுதி பெண்களுக்காக இருக்கட்டும். வீட்டில் சண்டை, சாவு, அதிர்ச்சி என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்ணுக்கு முதலில் ஈசிஜி, பிறகுதான் ஆறுதல். வாயுத்தொல்லை என்றோ டென்ஷன் என்றோ அவரே சொன்னாலும் ஈசிஜி எடுத்துவிட வேண்டும். அண்மையில் துக்கம் நடந்ததா என்று கேட்டுக் குறித்தால், மேலே இருக்கும் இதய மருத்துவருக்கு டகோட்சுபோ நினைவுக்கு வரும்.

வெளிநாட்டு ஆய்வுகளையே இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம், நம் பெண்களிடம் இதை யாரும் பெரிய அளவில் பார்க்காததுதான். நம் மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல், மகப்பேறு, இதயவியல் துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வரும் பெண்களின் அழுத்த எதிர்வினையை முன்னும் பின்னும் அளந்தால் போதும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். 100-லிருந்து ஏழைக் கழிக்கும் அதே பயிற்சி போதும். ஒரு சிறு ஆராய்ச்சி நிதி ஒதுக்குங்கள்.

பதிவேடு அடுத்த முறை அச்சாகும்போது அந்த மூன்று கேள்விகள் அதில் இருக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் கூச்சப்படாமல் பதில் சொல்லும்படி அவற்றை எப்படிக் கேட்பது என்று தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தர, என்னைப் போன்று ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சம்பளம் எதிர்பாராமல் வருவோம். மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியை ஒருவர்,
மதுரை